ஒன்பது மாதப் படையின் பெயர்ப்பட்டியல்

இந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோய் அல்ல. எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். “எழுதிறதெண்டால் எழுதும். பேரைப் போடாதேயும். அச்சடிக்கிறவன் ஒரு எழுத்தை விழுங்குவான். பிறகு அவனோட நான் சண்டை பிடிக்கவேணும். எனக்கு இப்ப நேரமில்லை” என்றார். எழுபத்தாறு வயதில் நேரமில்லாதவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அமெரிக்காவுக்கு வந்தபின் நாம் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவருக்கு அதுவும் பிடிக்காது. “ஆன்ட்டியெண்டு இந்த ஊரில ஆயிரம் பேர் இருக்கினம். நான் அதில எத்தினையாவது?” என்பார்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் மூன்று வீடு தள்ளி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் வேலூர். ஒருநாள் என் பார்சல் அவர் வீட்டு வாசலில் கிடந்தது. வாங்கப் போனேன். கையில் பிடித்துக்கொண்டு, கொடுக்காமல் கேட்டார்.

“இதில கிரிஸ் எண்டு போட்டிருக்கு. ஆர் கிரிஸ்?”

“நான்தான் ஆன்ட்டி. ஆபீஸ்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“நான் சேர்ச்சுக்குப் போறவள். என்ர பேரிலயே கிரிஸ் இல்லை. உமக்கு எங்கயிருந்து வந்தது? கொப்பர் வைச்ச பேர் என்ன?”

“முத்துக்கிருஷ்ணன்.”

“வடிவான பேர். அதை ஏன் கொத்திப் போட்டு வைச்சிருக்கிறீர்?” என்று கேட்ட பிறகுதான் பார்சல் கைக்கு வந்தது. எனக்குக் கோபம் வந்தது. என் பெயரை நான் என்ன செய்தால் இவருக்கு என்ன? மனைவியிடம் திட்டித் தீர்த்தேன். அவள், “அந்தம்மா கேட்டதுல என்ன தப்பு?” என்றாள்.

அவரிடம் இருந்த குணம் இது ஒன்றுதான். பேர் சரியாக இருக்க வேண்டும். ஆள் யார், எப்போது பிறந்தார், எப்போது போனார், இவை சரியாக இருக்க வேண்டும். மற்ற எதிலும் அவர் கறார் இல்லை. சோற்றில் உப்பு அதிகமானாலும் சாப்பிடுவார். பேரில் ஒரு எழுத்து மாறினால் அடுத்த வேலை நடக்காது.

ஊரில் அவர் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் எழுத்தராக இருந்தவர். கந்தோர் என்றால் அவர்கள் ஊரில் ஆபீஸ். சண்டை நடந்த காலம் முழுக்க அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். “ஷெல் விழேக்கயும் பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டுதான் பங்கருக்குப் போறனாங்கள். நகை நட்டு வீட்டில கிடக்கும்” என்று ஒருமுறை சொன்னார்.

அவருடைய மகன் டெக்ஸஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கிறான். பேர் ஆனந்தராஜா. ஆபீஸில் ஆண்டி. அவன் நண்பன் ஒருவன் அம்மா வீட்டுக்கு போன் செய்து “ஆண்டி இருக்கிறாரா” என்று கேட்டிருக்கிறான். இவர், “நான் ஆண்டியைப் பெறேல்லை, அரசனைத்தான் பெத்தனான்” என்று தமிழில் சொல்லி வைத்துவிட்டார். மகன் இரண்டு வாரம் பேசவில்லை. இவரும் பேசவில்லை. சேர்ச்சில் ஒரு நினைவு மலரில் இறந்தவரின் பேரைத் தப்பாக அடித்திருந்தார்கள் என்று அடக்க ஆராதனை நடக்கும்போதே எழுந்து நின்று சொன்னார். அந்தக் குடும்பம் அழுதுகொண்டிருந்தது. அவர் சொன்னது சரி. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அவரைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கே பேரில் பட்ட பாடு கொஞ்சமல்ல. நமக்கு இருப்பது ஒரு பேர், முன்னால் அப்பாவின் முதலெழுத்து. இங்கே வந்ததும் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறான். ஒருவர் அப்பா பேரை முதல் கட்டத்தில் போடுகிறார், ஒருவர் இரண்டாவதில். அவருக்கு ஒரு கார்டில் ஒரு மாதிரி, இன்னொன்றில் தலைகீழ். ஒருமுறை ஸ்கேன் எடுக்க ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார்கள், ஆனால் அவரை அல்ல, அவருடைய அப்பாவை. முப்பது வருஷத்துக்கு முன் இறந்த மனுஷன் எப்படி எழுந்து வருவார்? ஒரு வாரம் கழித்து லெட்டர் வந்தது: நீங்கள் அப்பாயின்ட்மென்டுக்கு வரவில்லை, நோ ஷோ.

அந்த லெட்டரை அவர் ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். “நான் அங்க இருந்தனான். அவையின்ர புத்தகத்தில நான் வரேல்லை. இப்ப ஆர் பொய் சொல்லுறது? நானோ, புத்தகமோ?” என்று வருகிறவர் எல்லாரிடமும் கேட்டார்.

அந்த வருஷம் எனக்கு வேலை போயிருந்தது. பார்மா கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை பத்து நிமிஷ மீட்டிங்கில் முடித்துவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவர் வந்து, “சும்மாதானே இருக்கிறீர். கிழமைக்கு ரெண்டு நாள் என்னை ஓரிடம் கொண்டுபோய் விடும்” என்றார்.

பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு வரலாற்றுச் சங்கம். பழைய மரவீடு, கீழே ஈரம் பிடித்த பேஸ்மென்ட். நூற்றறுபது வருஷத்துக்கு முன் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த ஊர் ஒரு கம்பெனி ஆட்களை அனுப்பியிருக்கிறது. நிரந்தரப் படை அல்ல, மிலிஷியா, ஊர்ப்படை. ஒன்பது மாதத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டவர்கள். செருப்புத் தைப்பவன், கொல்லன், தொப்பிக் கடைக்காரன், பண்ணையாள். கேப்டனையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள், தொப்பிக் கடை முதலாளியை. வர்ஜீனியாவுக்குப் போனார்கள். குண்டில் செத்தவர்களைவிடக் காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம். ஊர் நடுப் புல்வெளியில் அவர்களுக்கு ஒரு கல் இருக்கிறது. மழையில் எழுத்து தேய்ந்துவிட்டது. புதுக்கல் வெட்டப்போகிறார்கள். கூடவே அந்தப் படையின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். பழைய பதிவேடுகளை வாசிக்க ஆள் வேண்டும் என்று லைப்ரரியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

ஏன் இவர்? பதிவேடுகளில் இருந்த பழைய இங்கிலீஷ் கூட்டெழுத்தை, கர்சிவை, அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. இப்போதைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. வயதானவர்களுக்குக் கண் போதாது. இவர் முதல் நாள் பதிவேட்டைத் திறந்து, பேப்பர் வாசிப்பதுபோல மளமளவென்று வாசித்தார். சங்கத் தலைவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். “எங்கட ஊருக்கு அமெரிக்க மிஷனரிமார் வந்து பழக்கின எழுத்து. கந்தோர்ப் பழைய புத்தகமெல்லாம் இப்பிடித்தான். இவை எங்களுக்குத் தந்துபோட்டு தாங்கள் மறந்துபோச்சினம்” என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

அவர் வாசிக்க நான் எக்ஸெலில் அடித்தேன். பேர், வயது, தொழில், கண்ணின் நிறம், முடியின் நிறம், கடைசிக் கட்டத்தில் என்ன ஆனான் என்பது. திரும்பி வந்தான். இறந்தான். காயம்பட்டு விடுவிக்கப்பட்டான். ஓடிப்போனான். கம்பெனிப் பதிவேடு ஒன்று. வாஷிங்டனில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியின் பதிவேட்டு நகல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றோடு ஒன்று பொருத்தினேன். எல்லாம் பொருந்தியது, ஆஸ்பத்திரிப் பட்டியலில் ஒரு வரியைத் தவிர. டேனியல் ஜேக்கப். இந்தக் கம்பெனி, காய்ச்சல், இறப்பு. கம்பெனிப் பதிவேட்டில் அப்படி ஓர் ஆளே இல்லை.

“ஆன்ட்டி, இந்த ஒரு ரோ மேட்ச் ஆகல. நாய்ஸ். டெலீட் பண்ணிடறேன்.”

“நாய்ஸ் எண்டால்?”

“தப்பா உள்ள வந்த டேட்டா.”

“ஒரு மனிசன் செத்துப்போனான் எண்டு எழுதிக்கிடக்கு. உமக்கு அது சத்தமோ?” என்றார். “கையை எடும் அதில இருந்து.”

எடுத்தேன். அவர் கம்பெனிப் பதிவேட்டைத் திரும்ப எடுத்து, ரூலரை வரியில் வைத்து முதலிலிருந்து இறக்கிக்கொண்டே போனார். பாதியில் ரூலர் நின்றது. ஜேக்கப் டேனியல். செருப்புத் தொழிலாளி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டான், போய்ச் சேரவில்லை. ஓடிப்போனான்.

ரூலரை அந்த வரியிலேயே வைத்திருந்தார். பிறகு, “நோ ஷோ” என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரிக்கு ரயிலில் ஏற்றும்போது காய்ச்சல்காரன் சட்டையில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். அதில் குடும்பப் பேர் முதலில், சொந்தப் பேர் பிறகு, நடுவில் காற்புள்ளி இருக்க வேண்டும். எழுதினவன் காற்புள்ளி போடவில்லை. ஆஸ்பத்திரிக்காரன் இருந்தபடியே வாசித்து, டேனியலைச் சொந்தப் பேர் என்றும் ஜேக்கப்பைக் குடும்பப் பேர் என்றும் எடுத்துக்கொண்டு எழுதிவிட்டான். கம்பெனியிலிருந்து, டேனியல் குடும்பத்து ஜேக்கப் வந்தானா என்று கேட்டிருப்பார்கள். அப்படி யாரும் வரவில்லை என்று பதில் போயிருக்கும். வரவில்லையென்றால் ஓடிவிட்டான். முடிந்தது. ஒரே ஆள், ஒரு புத்தகத்தில் ஓடினவன், இன்னொரு புத்தகத்தில் யாருக்கும் சொந்தமில்லாத பிணம்.

பதினோரு வருஷம் டேட்டாபேஸ் பார்த்தவன் நான். என் பேரே இந்த நாட்டில் எட்டு விதமாகப் புரண்டு கிடக்கிறது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அழிக்கப் போனேன்.

ஓடிப்போனவர்களின் பேர் கல்லில் வராது. அது கமிட்டியின் விதி. கல்லுக்கான பட்டியலை நான்கு மாதத்தில் வெட்டப் போகிறார்கள். அதற்குள் ஜேக்கப் டேனியல் அதில் ஏற வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு நூறு வருஷத்துக்கு அவன் ஓடினவன்தான். அவர் அடுத்த மாதக் கமிட்டி மீட்டிங்குக்குப் போனார். நான் காரை நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மீட்டிங்கில் பேசினதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் அவர் இங்கிலீஷில் பேசினாலும் எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கும். அப்படியே எழுதுகிறேன்.

தலைவர் ரிட்டயர்டு இன்ஷூரன்ஸ்காரர். மோசமான ஆள் இல்லை. முதல் நாளே ஆன்ட்டியின் பேரை எப்படிச் சொல்வது என்று கேட்டு, பேப்பரில் எழுதி, சரியாகச் சொல்லப் பழகினவர். ஆனால் அந்தப் பதிவேட்டின் அடியில் கையெழுத்துப் போட்ட கேப்டன் அவருடைய எள்ளுத்தாத்தா. தொப்பிக் கடைக்காரர். அவர் படம் மாடிப்படியில் மாட்டியிருக்கிறது.

“அம்மா, ரெண்டு பேரும் ஒரே ஆள்னு எப்படிச் சொல்றீங்க? ஜேக்கப், டேனியல் ரெண்டுமே அப்போ ரொம்பச் சாதாரணமான பேர்.”

“சாதாரணமான பேர்தான். ஆனா உங்கட கம்பெனியில டேனியல் ஜேக்கப் எண்டு ஒருத்தரும் இல்லை. இல்லாத ஆள் எப்பிடி உங்கட கம்பெனியெண்டு சொல்லிச் செத்தவர்?”

“கேப்டன் விசாரிக்காம எழுதியிருக்க மாட்டார்.”

“விசாரிச்சவர். பிழையான பேரை விசாரிச்சவர்.”

ஆதாரம் போதாது என்று தள்ளிவைத்தார்கள். மாதக் குறிப்பு வந்தது. ‘ஊரார் ஒருவர் கருத்துச் சொன்னார்’ என்று எழுதியிருந்தது. அடுத்த மீட்டிங்கில் இவர் முதலில் எழுந்து, “ஊரார் ஒருவரில்லை. எனக்குப் பேர் இருக்கு. குறிப்பைத் திருத்துங்கோ” என்றார். திருத்தினார்கள். ஒரு எழுத்து விட்டுப்போனது. அதற்கடுத்த மீட்டிங்கில் அதையும் திருத்த வைத்தார். கமிட்டியில் ஒருவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது மீட்டிங்கில் உள்ளூர்ப் பேப்பர்க்காரி ஒருத்தி வந்திருந்தாள். இவர் இலங்கையிலிருந்து வந்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடைவேளையில் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள் நாட்டுப் போரில் நீங்களும் யாரையோ இழந்திருப்பீர்கள். அதனால்தான் இந்த வீரனோடு இவ்வளவு ஒட்டுதலா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். தலைவரும் தலையைச் சாய்த்து நின்றார். ஒரு மனுஷி பேப்பரைக் காட்டிக் கணக்குக் கேட்கிறாள், இவர்கள் கைக்குட்டை நீட்டுகிறார்கள்.

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். “எங்கட சண்டை வேற, இது வேற. எனக்கு ஆர் போனது எண்டது என்ர விசயம். அதுக்கு நான் வேற இடத்தில கேட்டுக்கொண்டிருக்கிறன். இஞ்ச நான் அழ வரேல்லை. ரெண்டு புத்தகம் முரண்படுது. அதைச் சொல்ல வந்தனான். எழுதிறதெண்டால் அதை எழுதுங்கோ.”

அவள் எழுதவில்லை. காரில் வரும்போது நான் பொரிந்து தள்ளினேன். அவர் சீட்பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, “அவள் நல்ல பிள்ளைதான். ஆனா பாவமெண்டு சொல்லிப்போட்டால் பதில் சொல்லத் தேவையில்லைத்தானே? அதுக்குத்தான் எல்லாரும் பாவமெண்டு சொல்லுறது” என்றார்.

இதற்கிடையில் மகன் வந்தான். வீட்டை விற்றாகிவிட்டது. அம்மாவை ரவுண்ட் ராக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர் இரண்டு தடவை டிக்கெட்டைத் தள்ளிப்போட வைத்தார். அவன் என் முன்னாலேயே கத்தினான். “அம்மா, the guy is dead. எப்பவோ செத்தாச்சு. இப்ப என்ன அவசரம்?”

“அதுதான் அவசரம். எவ்வளவு பிந்திப் போச்செண்டு பார்.”

அவன் என்னைப் பார்த்தான். அவன் பக்கமும் நியாயம் இருந்தது. மூட்டை கட்டிய வீட்டில், பாய் விரித்து, ஒரு தட்டும் ஒரு கோப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். பார்க்க நன்றாக இல்லை.

அவர் காத்திருந்தது வாஷிங்டனிலிருந்து ஒரு கவருக்கு. செத்த சிப்பாயின் தாய்க்கு அப்போது பென்ஷன் உண்டு. ஜேக்கப் டேனியலின் தாய் கேட்டிருந்தால், அந்த மனு எங்காவது இருக்கும். கந்தோரில் வேலை செய்தவருக்குத்தான் இது தோன்றும். மனு கொடுத்தவளைக் கந்தோர் துரத்திவிடும், ஆனால் மனுவைத் தூக்கி எறியாது என்பது அவருக்குத் தெரியும். அப்படியே இருந்தது. கவர் வந்த அன்று என் வீட்டுக் கதவைத் தட்டி, “காரை எடும்” என்றார். அன்று சாயந்தரம்தான் கல்லுக்கு முன்னான கடைசி மீட்டிங்.

அங்கே அவர் அதை வாசிக்கவில்லை. தலைவரிடம் நீட்டினார். “உங்கட ஊர்ப் பொம்பிளை. நீங்களே வாசியுங்கோ.”

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். தாய்க்கு எழுதத் தெரியாது. யாரோ எழுத, அடியில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். என் மகன் ஜேக்கப். பன்னிரண்டு வயதில் விறகு பிளக்கும்போது இடது காலில் இரண்டு விரல் போனது. அவனை ஓடிப்போனவன் என்று சொல்லிப் பென்ஷன் இல்லை என்கிறீர்கள். ஓடியிருந்தால் அவன் என்னிடம்தான் ஓடி வந்திருப்பான். வேறு யாரும் அவனுக்கு இல்லை. அவன் வரவில்லை.

தலைவர் அங்கே நிறுத்திவிட்டார். இவர் தன் பையிலிருந்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகலை எடுத்து, ரூலரை வைத்துக் காட்டினார். டேனியல் ஜேக்கப். அடையாளம்: இடது காலில் இரண்டு விரல் இல்லை, பழைய காயம்.

கமிட்டியில் சிரித்த அதே ஆள், “விரல் இல்லாதவனைப் படையில் எப்படிச் சேர்த்திருப்பார்கள்?” என்று கேட்டான்.

“உங்கட கப்டன் சப்பாத்தைக் கழட்டிப் பாத்தவரோ?” என்றார் இவர். “செருப்புத் தைக்கிறவன். தனக்கு ஏத்த சப்பாத்தைத் தானே தைச்சுப் போட்டுக்கொண்டு வந்திருப்பான்.”

இப்போது சிரித்தது கமிட்டி. அந்த ஆள் சிரிக்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். தலைவர் தூக்கினார், மெதுவாக. கல்லில் வெட்ட அகர வரிசைப்படி அச்சு ஏற்கெனவே தயாராகிவிட்டது, கடைசி வரிக்குக் கீழேதான் இடம் இருக்கிறது என்றார். “கடைசியா வந்தவர் கடைசியில நிக்கட்டும். நிண்டால் போதும்” என்றார் இவர்.

கல்லோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மூன்றாவது டிக்கெட்டில் அவர் டெக்ஸஸ் போய்விட்டார். போகும்போது எனக்குக் கொடுத்தது அந்த ரூலர் அல்ல, ஒரு வேலை. கம்பெனிப் பதிவேட்டில் ஓடிப்போனவன் என்று இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். “ஒவ்வொருத்தனா ஆஸ்பத்திரிப் புத்தகத்தில தேடும். தலைகீழாயும் தேடும்.”

“அவங்க நெஜமாவே ஓடியிருந்தா?”

“ஓடினவன் எண்டால் ஓடினவன் எண்டே எழுதும். எனக்கு அதில ஒரு வருத்தமும் இல்லை. ஆனா பாத்துப்போட்டு எழுதும்.”

பார்த்தேன். ஐந்து பேர் நிஜமாகவே ஓடியிருந்தார்கள். ஒருவன் பக்கத்து ஊரிலேயே பிறகு மளிகைக் கடை வைத்துப் பிழைத்திருக்கிறான். ஆறாவது ஆளைப் பற்றி இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. அவனுக்கு நேரே ‘தெரியவில்லை’ என்று போட்டேன். அவர் போனில் கேட்டுவிட்டு, “அது சரியான பதில்” என்றார்.

அடுத்த சண்டை, அவர்கள் போடும் வரலாற்றுப் புத்தகத்தை வைத்து வந்தது. அச்சுக்கு முந்தின வாரம் தலைவர் ஒரு பக்கத்தைக் காட்டினார். ஜேக்கப் டேனியல் காய்ச்சலில் இறந்தார், அவருடைய பதிவில் ஒரு முரண்பாடு இருந்தது என்று எழுதியிருந்தார். நான் அதை அப்படியே ரவுண்ட் ராக்குக்கு போன் போட்டு வாசித்துக் காட்டினேன். அடுத்த நாள் காலை தலைவருக்கு ஒரு ஈமெயில் வந்தது. ஒரே வரி. முரண்பாடு அல்ல, பிழை. அதற்கடுத்த நாளும் அதே வரி. ஆறு நாள். ஏழாவது நாள் தலைவர் என்னை வரச்சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, பேர் கல்லில் ஏறிவிட்டது. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. இந்த ஒரு சொல்லில் என்ன இருக்கிறது?”

“கல்லு அவன் செத்தான் எண்டு சொல்லுது. அவன் ஓடேல்லை எண்டு கல்லு சொல்லாது. அதைப் புத்தகம்தான் சொல்லவேணும். முரண்பாடு எண்டால் ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை, அது தானா வந்தது எண்டு அர்த்தம். தானா வரேல்லை. எழுதினது ஒரு ஆள். கையெழுத்து வைச்சது ஒரு ஆள். அந்தத் தாய் பெருக்கல் குறி போட்டு, உங்கட புத்தகம் பிழை எண்டு சொன்னவ. அவவுக்கு ஆரும் பதில் சொல்லேல்லை.”

“என் எள்ளுத்தாத்தா நல்ல மனிதர். அந்தக் குளிரில் தன் போர்வையைக் கொடுத்தவர் என்று அவரோடு போனவர்கள் எழுதியிருக்கிறார்கள்.”

“இருக்கட்டும். நான் அவரைக் கெட்டவர் எண்டு சொன்னனானோ? நல்ல ஆக்கள்தான் பிழை விடுறது. கெட்டவன் வேணுமெண்டு செய்வான், அதுக்குப் பேர் பிழையில்லை. உங்கட தாத்தா இருந்திருந்தால், அந்த மனுவை அவருக்கு ஆரும் காட்டியிருந்தால், தானே வெட்டித் திருத்தியிருப்பார். அவர் இல்லை. நீங்கள் இருக்கிறியள்.”

தலைவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே யாரோ நடக்கும் சத்தம் பலகையில் கேட்டது. நான் அவரை அவசரப்படுத்தவில்லை. அந்தப் பக்கம் ஆன்ட்டியும் காத்திருந்தார்.

பிறகு தலைவர் என் பக்கம் திரும்பி, டைப் பண்ணு என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ஜேக்கப் டேனியல், செருப்புத் தொழிலாளி, இந்த ஊர். ராணுவ ஆஸ்பத்திரியில் காய்ச்சலால் இறந்தார். அவர் ஓடிப்போனதாகப் பதிவேட்டில் எழுதியது கேப்டனின் பிழை.

“வாசியும் பாப்பம்” என்றது போன். வாசித்தேன்.

“கப்டன் எண்டு ஒரு ஆளுக்குப் பேரோ? அந்த மனிசன்ர பேரையும் போடுங்கோ. முழுசா.”

எனக்கே அது அதிகம் என்று பட்டது. போனை எடுத்து ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் தலைவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் எள்ளுத்தாத்தாவின் பேரை, மூன்று பகுதியையும், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன்.